மீன் வாங்க முதல்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ புரோசார்டில மீன் விக்கிற கடைக்குள்ள நிண்டு ஃபோன் எடுத்தனி. பின்னுக்குப் பாட்டுப் போகுது, ஆரோ ஒரு பிள்ளை அழுகுது, அந்தச் சத்தத்துக்கு மேலால நீ கத்துறாய். "அப்பா, தொட்டி, லைட், கோட்டை, ஆறு மீன், எல்லாம் ஒரே பெட்டியா மலிவில போட்டிருக்கிறாங்கள். ஆரணியின்ர பிறந்தநாளண்டு பின்னேரம் அவள் வர முதல் செட் பண்ணிடுவன்." நான் "வச்சிட்டு வெளியில வா" எண்டன். நீ ஏன் எண்டு கேட்டாய். "பேந்து சொல்லுறன், முதல்ல வச்சிட்டு வா" எண்டன். நீ ஃபோனை வச்சிட்டாய். அண்டையில இருந்து ரெண்டு டெக்ஸ்ட் வந்தது, ரெண்டிலயும் பிஸி எண்டு போட்டிருந்தாய். உன்ர கோபம் எனக்குப் புதுசில்லை. என்னட்ட இருந்து வந்த கோபம்தான் அது, அதைப் பற்றி நான் ஆரிட்டப் போய் முறைப்பாடு வைக்கிறது. ஆனா நான் ஃபோனில கதைக்கத் துவங்கினா நீ "ஓம் ஓம்" எண்டு சொல்லிக்கொண்டு வேற வேலை பார்க்கிறதும் எனக்குத் தெரியும். அதால எழுதுறன். குளிருக்குள்ள உன்னைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது இதுக்கெண்டாலும் உதவட்டும். ஆறுதலா இருந்து வாசி. விளங்காத இடத்தைக் கேள், ஆனா முழுக்க வாசிச்சு முடிச்ச பிறகு கேள்.

இந்த மீன் தொட்டி உனக்கு ஏன் இவ்வளவு அவசரம் எண்டு எனக்குத் தெரியாது எண்டு நினைக்காதை. ஜூலை முதலாம் திகதி, இந்த ஊரில பாதிச் சனம் வீடு மாறுற நாளில, நீயும் மாறினனி. சுபாவோட இருந்த வீட்டில இருந்து ரெண்டு தெரு தள்ளி, பாதி நிலத்துக்குக் கீழ இருக்கிற வீடு. நீயும் சுபாவும் பிரிஞ்சது உங்கட விஷயம், அதில நான் வாய் வைக்கேல்லை, இனியும் வைக்க மாட்டன். ஆரணி ஒரு கிழமை தாயோட, ஒரு கிழமை உன்னோட. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டா மாறுறது. ஆறு வயதாகப் போற பிள்ளைக்கு அது நல்லா விளங்கியிட்டுது எண்டு நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுறியள். விளங்கினதுதான். ஆனா உன்ர வீட்டில அவள் தண்ணி குடிக்கிறதெண்டாலும் கேட்டிட்டுத்தான் குடிக்கிறாள். சப்பாத்தைக் கழட்டி வாசலில வடிவா அடுக்கி வைக்கிறாள். படுக்கிற உடுப்பைப் பைக்குள்ள இருந்து எடுத்துப் போட்டு, விடிஞ்சதும் மடிச்சு அந்தப் பைக்குள்ளயே திருப்பி வைக்கிறாள். நீ வாங்கிக் குடுத்த அலுமாரி வெறுமையாக் கிடக்குது. ஒருநாள் நீ குசினியில கோப்பை கழுவிக்கொண்டு, "அப்பா, இஞ்ச தன்ரை எண்டு சொல்ல அவளுக்கு ஒண்டும் இல்லை" எண்டு சொன்னனி.

அதால, தொட்டி வேண்டாம் எண்டு சொல்ல நான் எழுதேல்லை. தொட்டி வேணும். அந்த வீட்டில அவளுக்கெண்டு ஒரு உயிர் இருந்தா நல்லதுதான். ஆனா அதே தொட்டியைப் பிழையாக் கொண்டுபோனா அவள் உன்னட்ட இருந்து இன்னும் தள்ளிப் போவாள். அப்பிடி ஒருக்கா ஏற்கெனவே நடந்திட்டுது. என்ர வீட்டில, எங்கள் ரெண்டு பேருக்கும் முன்னால நடந்தது. நீ அதைக் கவனிக்கேல்லை.

உன்னை வீடு மாத்தின அண்டைக்கு நடைபாதையில ஒரு கண்ணாடித் தொட்டி கிடந்தது. அந்த நாளில இந்த ஊர் நடைபாதையில என்னதான் கிடக்காது, சோபாவில இருந்து சாமிப்படம் வரைக்கும் கிடக்கும். நீ "குப்பையை ஏத்தாதேங்கோ அப்பா" எண்டு கத்தினனி. நான் வான் வண்டியில ஏத்தினன். குளிருக்குக் கறிவேப்பிலைக் கண்டை உள்ள வச்சு மூட ஒரு கண்ணாடி வேணும் எண்டு கன நாளா யோசிச்சுக்கொண்டிருந்தனான். பிறகு செப்டம்பரில நீ ஆரணிக்கு மீன் தொட்டி வாங்கித் தாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டு வந்து நிண்டாய். உனக்கும் ஒண்டும் தெரியாது, எனக்கும் ஒண்டும் தெரியாது. எங்கட ஆக்களுக்கு மீனைச் சட்டிக்குள்ளதான் பழக்கம். சரி, முதல்ல நான் என்ர வீட்டில பழகிப் பார்க்கிறன், பிழை விடுறதெண்டா இஞ்ச விடுவம், பேந்து உன்ர வீட்டில வைப்பம் எண்டு சொன்னன். நான் சொன்னதில புத்தியான கதை அது ஒண்டுதான். அதுக்குப் பிறகு செய்தது முழுக்க விசர் வேலை.

குளியலறையில வச்சுத் தண்ணி விட்டுப் பார்த்தன், ஒழுக்கு இல்லை. காலமை நிரப்பிட்டுப் பின்னேரம் மீன் வாங்கப் போனன். கடையில நிண்ட மனுசி, தொட்டி ஓடத் துவங்கி எவ்வளவு காலம் எண்டு பிரெஞ்சில கேட்டாள். இந்த நாட்டில ஆர் என்ன கேட்டாலும் அவையள் எதிர்பார்க்கிற மறுமொழி ஒண்டு இருக்கும், அதைக் கண்டுபிடிச்சுச் சொல்ல வேணும் எண்டது எனக்கு ஊறிப்போன விஷயம். அகதிக் கேஸ் நடந்த காலத்தில பழகினது, இன்னும் போகேல்லை. ரெண்டு மாசம் எண்டு சொன்னன். அவள் சந்தோசமா மூண்டு கப்பி மீனைப் பிடிச்சுப் பையில போட்டுத் தந்தாள். அவள் கேட்டது என்னைச் சோதிக்கிறதுக்கில்லை, மீனுக்காகக் கேட்டவள் எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது.

மூண்டில ஒண்டின்ர வால் ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தது. ஆரணி வந்து பார்த்திட்டு அதுக்குக் கரமெல் எண்டு பேர் வச்சாள். மற்ற ரெண்டுக்கும் பேர் இல்லையோ எண்டு கேட்டன். "அதுகளுக்கு ஒண்டும் நடக்கேல்லையே" எண்டாள். அண்டைக்கு முழுக்கத் தொட்டிக்கு முன்னால கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். போகேக்க கரமெல்லுக்குத் தனியாச் சொல்லிட்டுப் போனாள்.

உன்ர அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வெள்ளிக்கிழமை வீடு கழுவுறது என்ர வேலையாப் போச்சு. அவ இருக்கேக்க வெள்ளியில நான் காலைத் தூக்கிக்கொண்டு கதிரையில இருக்கிறனான். இப்ப அவ பின்னால நிண்டு பார்க்கிற மாதிரி மூலை மூலையாத் தேய்க்கிறன். அந்த வெள்ளி சாமி அறை, குசினி, குளியலறை எல்லாம் முடிச்சுப்போட்டுத் தொட்டியைப் பார்த்தன். கண்ணாடியில பச்சையா ஒரு படலம். தண்ணியைச் சுத்தமாக்கிற ஃபில்டருக்குள்ள இருந்த பஞ்சு மண் நிறத்தில வழுவழுத்துப் போய்க் கிடக்குது, தொடவே அருவருப்பு. மீனைச் சட்டிக்குள்ள விட்டிட்டுப் பஞ்சுக்குச் சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணியில தேய்ச்சன். வெள்ளை வெளேரெண்டு வந்தது. அடியில கிடந்த கல்லை அரிசி களைஞ்ச மாதிரித் திருப்பித் திருப்பிக் கழுவினன். குழாய்த் தண்ணியை அப்பிடியே நிரப்பி, மீனை விட்டு, சாம்பிராணியும் காட்டினன். தொட்டி பளபளத்தது. எனக்குச் சரியான பெருமை, உனக்கு ஃபோட்டோவும் அனுப்பினனான். நீ கட்டைவிரல் போட்டு அனுப்பினாய்.

ஞாயிறு காலமை மூண்டும் மேல வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்குதுகள். நான் கீழ்வீட்டுக் கமலாக்காவைக் கூப்பிட்டன். மனுசருக்கு வாற வருத்தம் எல்லாத்துக்கும் அவவிட்ட ஒரு கை மருந்து இருக்கும், மீனுக்கும் இருந்தது. "கிருமியாத்தான் இருக்கும். ஒரு நுள்ளு மஞ்சளும் உப்பும் போட்டு விடுங்கோ" எண்டா. போட்டன். தொட்டி தேங்காப்பால் சொதி மாதிரி மஞ்சளா வந்திட்டுது. பின்னேரத்துக்குள்ள மூண்டும் முடிஞ்சுது.

நீ வந்தனி. செத்த மீனைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அது சுபாவின்ர கிழமை, ஆரணி அடுத்த சனிக்கிழமை என்னட்ட வர இருந்தவள். நீ ஒரு நிமிஷமும் யோசிக்கேல்லை. "அவளுக்குச் சொல்ல வேண்டாம் அப்பா. நான் அதே மாதிரி மூண்டு வாங்கிக்கொண்டு வாறன், பிள்ளைக்குத் தெரியாது" எண்டாய். நானும் தலையை ஆட்டினனான், உன்னை மட்டும் குற்றம் சொல்லேல்லை. எங்கட ஆக்களின்ர வழக்கம் அது. ஒரு கெட்ட செய்தி வந்தா, அதை ஆருக்குச் சொல்லாமல் விடலாம் எண்டதைத்தான் முதல்ல யோசிப்பம்.

சனிக்கிழமை அவள் வந்து, ஜாக்கெட்டையும் கழட்டாமல் தொட்டிக்கு முன்னால போய் நிண்டாள். கன நேரம் நிண்டாள். "கரமெல்லின்ர வால்?" எண்டு கேட்டாள். "வளர்ந்திட்டுது செல்லம், மீனுக்கு வால் வளரும்" எண்டு சொன்னாய். மீனுக்கு வால் வளருமாம், நான் பிறகு வாசிச்சன். ஆனா அண்டைக்கு அது பொய். அவள் உன்னோட வாதாடேல்லை, அதுதான் எனக்குப் பயமா இருந்தது. தலையை ஆட்டிட்டு மெல்லமா என்ர வீட்டைச் சுத்தி வந்தாள். அம்மாவின்ர படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். தன்ர சின்னக் கதிரையைச் சரிச்சு அடியில பார்த்தாள். அங்க ஒருக்கா அவள் ஸ்டிக்கர் ஒட்டினவள், அது இருக்குதோ எண்டு பார்த்தாளாக்கும். பிறகு மேசையில இருந்து இடியப்பத்தைப் பிச்சுக்கொண்டு, "அப்பப்பா, நீங்கள் பழைய அப்பப்பாதானே?" எண்டு கேட்டாள். நீ விழுந்து விழுந்து சிரிச்சாய். நானும் சிரிச்சன். அவள் சிரிக்கேல்லை, என்ர வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓம், பழசுதான், புதுசு ஆர் தரப்போகினம்" எண்டு பகிடியா முடிச்சிட்டன். அந்த இடத்தில பகிடி விட்டிருக்கக் கூடாது.

யோசிச்சுப் பார். வெள்ளிக்கிழமை அவள் ஒரு வீட்டை விட்டிட்டு மற்ற வீட்டுக்குப் போறாள். தான் இல்லாத அந்தக் கிழமை இஞ்ச என்ன நடக்குது எண்டு அவளுக்குத் தெரியாது. நாங்கள் சொன்னால்தான் தெரியும். நாங்கள் சொல்லுறது பொய் எண்டு வந்தா, அவள் ஒவ்வொரு முறையும் கதிரையைக் கவிட்டுக் கவிட்டுத்தான் பார்க்க வேணும். அப்பிடிப் பார்த்துப் பார்த்து இருக்கிற இடத்தை ஒரு பிள்ளை தன்ர வீடு எண்டு நினைக்காது.

ஒரு மீனுக்கு ஏன் இவ்வளவு கதை எண்டு நீ கேட்பாய். நான் இஞ்ச வந்த புதுசில, கேஸ் முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்த நேரம், என்ர அப்பா கொழும்பில அண்ணையோட இருந்தவர். அப்பாவுக்குக் கண் சரியாத் தெரியேல்லை எண்டு அண்ணை சொன்னதால, அளவைக் கேட்டு இஞ்ச ஒரு மூக்குக்கண்ணாடி செய்து, போற ஆள் ஒருத்தரிட்டக் குடுத்துவிட்டன். அந்த நாளில ஃபோன் எடுக்கிறதெண்டா அதுக்கெண்டு காசு கட்டி ஒரு காட் வாங்கி, வரிசையில நிண்டு, அவசர அவசரமாக் கதைக்கிறது. அப்பா எங்க எண்டு கேட்டா, குளிக்கிறார் எண்டுவார் அண்ணை. அடுத்த முறை கோயிலுக்குப் போட்டார். அதுக்கடுத்த முறை நித்திரை. கண்ணாடி கிடைச்சதோ எண்டு கேட்டன். "ஓம், போட்டுப் பார்த்தவர், வடிவாத் தெரியுதாம்" எண்டார். அப்ப அப்பா மோசம் போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிஞ்சிருந்தது. கேஸ் முடியுமட்டும் என்னைக் குழப்பக் கூடாது எண்டு எல்லாருமாச் சேர்ந்து முடிவெடுத்திருக்கினம். பாசத்தில செய்தவைதான், அதை நான் மறுக்கேல்லை. அண்ணையில எனக்குக் கோபமும் இல்லை. ஆனா அதுக்குப் பிறகு அவர் "எல்லாரும் சுகம்" எண்டு சொன்னா, நான் பேர் பேராக் கேட்பன். அவர் சாகுமட்டும் அப்பிடித்தான் கேட்டனான். ஒரு ஆளில பாசத்தையும் வச்சுக்கொண்டு அந்த ஆளின்ர சொல்லை நம்பாமல் இருக்கிறது சரியான களைப்பு. ஆரணிக்கு அந்தக் களைப்பு வேண்டாம்.

சரி, மீனுக்கு வருவம். அந்தச் சொதிக்குப் பிறகு நான் எங்கட நூலகத்துக்குப் போய், பிள்ளையளுக்கு எழுதின மீன் தொட்டிப் புத்தகம் ஒண்டை எடுத்து வந்தன். பெரியாக்களின்ர புத்தகத்துக்கு என்ர பிரெஞ்சு காணாது. நான் விட்ட பிழை எல்லாம் அதில படத்தோட போட்டிருக்குது, மஞ்சள் ஒண்டைத் தவிர. பஞ்சில இருந்த மண்நிற வழுவழுப்பு ஊத்தை இல்லை. அது உயிருள்ள கிருமி, நல்ல கிருமி. மீனின்ர கழிவில இருந்து வாற நஞ்சை அதுகள்தான் தின்னுறது. எங்களுக்கு ஈரல் செய்யிற வேலையைத் தொட்டிக்கு அந்தப் பஞ்சு செய்யுது, நான் அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினன். அதால உன்ர வீட்டில தொட்டி வச்சா, வெள்ளிக்கிழமையில ஆரும் அதுக்குக் கிட்டப் போகக் கூடாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்லுறன். கிழமைக்கு ஒருக்காக் கால்வாசித் தண்ணியை மாத்தினாக் காணும். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு, அதை முறிக்கிற மருந்து விட்டிட்டுத்தான் ஊத்த வேணும். பஞ்சு அடைச்சுப் போனா, எடுத்த பழைய தண்ணிக்குள்ளயே மெல்லமாப் பிழிஞ்சு விட்டிட்டு வை. மண் நிறமா இருக்கட்டும், ஒருத்தரும் உன்னைக் குறை சொல்ல மாட்டினம்.

அந்தக் கிருமியள் கடையில வாங்கின அண்டைக்கே வராது. தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓட விட்டு, மீன் ஒண்டும் இல்லாமல், மீன் சாப்பாட்டில ஒரு நுள்ளு மட்டும் போட்டுப் போட்டு அழுக விட வேணும். அதைத் தின்னுற கிருமி வந்து பெருக ஒரு மாசம் எடுக்கும், சிலநேரம் கூடவும் எடுக்கும். சின்னக் குழாயில தண்ணி எடுத்து மருந்துத் துளி விட்டா நிறம் காட்டும். ரெண்டு விதமான நஞ்சு பார்க்க வேணும், அந்த ரெண்டும் முதல்ல ஏறி, பிறகு இல்லாமல் போன பிறகுதான் மீன். முந்தி ஒருக்கா நான் இதைச் சொல்லத் துவங்கின நேரம் "வெறுந் தண்ணிக்கு ஒரு மாசம் காவல் இருக்கவோ" எண்டு நீ சிரிச்சனி. ஓம், இருக்கத்தான் வேணும். பிறந்தநாளுக்கு அந்த வெறுந் தொட்டியைக் குடு. அவள் ஆறு மீனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் எண்டது உன்ர நினைப்பு, அவள் ஒண்டையும் எதிர்பார்க்கிற நிலைமையில இல்லை. முதல் நாளே நுள்ளுச் சாப்பாட்டை அவளே போடட்டும், துளி விடட்டும், நிறத்தைப் பார்க்கட்டும். அவள் சுபாவோட இருக்கிற கிழமை நீ புவாண்ட்-கிளேரில வேலை முடிச்சு வந்து, சாப்பிட முதல் நிறத்தைப் பார்த்து அவளுக்கு ஃபோனில சொல்லு. நல்ல நிறமோ கெட்ட நிறமோ, உள்ளதைச் சொல்லு. தான் இல்லாத நேரம் அந்த வீட்டில என்ன நடக்குது எண்டு ஒழுங்காச் சொல்ல ஒரு ஆள் இருக்குது எண்டு அவளுக்குப் பழகட்டும். மீன் தை மாதத்தில வரும்.

கோட்டை போட்ட அந்தப் பெட்டியை வாங்காதை. அது ஒரு பெரிய சட்டி அளவுதான். சின்னத் தொட்டி லேசு எண்டு எல்லாரும் நினைக்கினம், கொஞ்சத் தண்ணி கெதியாக் கெட்டுப் போகும். கொஞ்சம் பெரிசா வாங்கி, அதுக்குக் கீழ நல்ல பாரம் தாங்கிற மேசையா வை. உன்ர சன்னலுக்குக் கீழ ஹீட்டர் ஓடுது, அங்க வைக்காதை. மீனில ஆண் மட்டும் வாங்கு. சோடியா வாங்கினா குஞ்சு பொரிக்கும்—இல்லை, கப்பி குட்டியே போடும்—பிறகு வீடு முழுக்கக் குஞ்சு. கூடிப்போச்சு எண்டு கொண்டுபோய் ஆத்தில விடுற கதை வேண்டாம், அங்க இருக்கிற மீனுக்கு வருத்தம் பரவும். கூடினாக் கடைக்காரரிட்டக் கேள், எடுப்பினம். சாப்பாட்டு டப்பாவை ஆள் எட்டாத தட்டில வை. கமலாக்கா உன்ர வீட்டுக்கு வந்தா, "பாவம், பசியோட பார்க்குதுகள்" எண்டு ஒரு பிடி அள்ளிப் போடாமல் போக மாட்டா. மீன் எப்பவும் பசிக்கிற மாதிரித்தான் வாயைத் திறக்கும். போன குளிர் மாதிரி ஐஸ் மழை பெய்து கரண்ட் போனா, தொட்டியைக் கம்பளியால சுத்தி வைக்க வேணும், அதையும் யோசிச்சு வை.

முக்கியமானது இது. மீன் அவளின்ரை எண்டு சொல்லிக் குடு, ஆனா பொறுப்பு உன்ரை. ஆறு வயதுப் பிள்ளை சாப்பாடு போட மறக்கும், கூடப் போடும், ஒரு மாசத்தில அலுத்தும் போகும். அதுக்காக அவளைப் பேசக் கூடாது, "உன்ர மீன், நீதான் பார்க்கோணும்" எண்டு சொல்லக் கூடாது. வருசக் கணக்காப் பார்க்க உனக்கு ஏலுமெண்டா வாங்கு. மற்றது, மீனைக் காட்டி அவளைக் கூப்பிடாதை. "வாவன், மீன் பார்த்துக்கொண்டிருக்குது" எண்டு நீ ஃபோனில சொன்னதை நான் கேட்டனான். மீனுக்காக வாற பிள்ளை, மீன் செத்த அண்டைக்கு எதுக்கு வரும்? உன்னட்ட வரச் சொல்லிக் கூப்பிடு.

இப்ப, உனக்குச் சொல்லாமல் நான் செய்த வேலை ஒண்டு இருக்கு. நீ மாத்தி விட்ட மூண்டு மீனையும் நான் நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி மாத்தித்தான் காப்பாத்தி வச்சிருந்தனான். இந்தச் செவ்வாய்க்கிழமை காலமை, நாங்கள் கரமெல் எண்டு சொல்லி வச்சிருந்த மீன் செத்துக் கிடந்தது. ஆரணி சுபாவோட. கடைக்குப் போக நான் ஜாக்கெட்டைப் போட்டது உண்மை. கதவடியில நிண்டு யோசிச்சிட்டுத் திருப்பிக் கழட்டிக் கொழுவினன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு சுபாவுக்கு ஃபோன் எடுத்தன். நீங்கள் பிரிஞ்ச பிறகு நான் அவளுக்கு எடுத்தது அதுதான் முதல். "என்ன மாமா, ஏதும் பிரச்சினையோ?" எண்டு பயந்து கேட்டாள். "இல்லைப் பிள்ளை, மீன் ஒண்டு செத்துப்போச்சு, ஆரணியோட கதைக்கோணும்" எண்டன். சுபா ஆரணியைக் கூப்பிட்டாள். பிறகு, "நீங்களே சொல்லுங்கோ மாமா" எண்டு குடுத்தாள்.

நான் எல்லாத்தையும் சேர்த்துச் சொன்னன். முதல் கரமெல் நான் சவர்க்காரம் போட்டுக் கழுவினதால செத்தது, வால் வளரேல்லை, நானும் அப்பாவும் வேற மீன் வாங்கி விட்டனாங்கள், இப்ப அந்த மீனும் செத்துப்போச்சு எண்டன். அழுவாள் எண்டு நினைச்சன். தனக்கு அது முதலே தெரியும் எண்டு பிரெஞ்சில சொன்னாள். பிறகு தமிழில, "எறிஞ்சு போட்டியளோ?" எண்டு கேட்டாள். இல்லை எண்டன். "எறியாதேங்கோ, நான் வந்து பார்க்கோணும்." அதுவரைக்கும் அதை எங்க வைக்கிறது. தயிர்ப் பேணியில போட்டு ஃப்ரீசருக்குள்ள, மரவள்ளிக்கிழங்குப் பைக்கு மேல வச்சன். அம்மா இருந்திருந்தா மீனோட சேர்த்து என்னையும் வெளியில விட்டிருப்பா.

மற்றநாள் சுபா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில விட்டிட்டுப் போற யோசனையோட நிண்டாள், நான் உள்ள வரச் சொன்னன். வந்து தேத்தண்ணி குடிச்சாள். உன்னைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை, நீ பயப்பிடாதை. பின்வளவில நிலம் குளிருக்கு இன்னும் இறுகேல்லை. கரண்டியால கிண்டி மூண்டு பேருமா மீனைத் தாட்டம். தாழ்க்க முதல் ஆரணி அதின்ர வாலை ஒரு விரலால தடவிப் பார்த்தாள், முழு வால்.

திரும்பி வரேக்க படியில நிண்டு என்னட்டக் கேட்டாள். "அப்பப்பா, நான் அம்மா வீட்ட இருக்கேக்க, அப்பா வீட்டில மீன் செத்தா, எனக்கு ஃபோனில சொல்லுவியளோ?" எனக்குத் தெரிய வந்தாச் சொல்லுவன் எண்டன். "நான் பள்ளிக்கூடத்தில இருந்தாலுமோ?" பள்ளிக்கூடம் விட்ட உடன சொல்லுவன் எண்டன். "அப்பாவும் சொல்லுவாரோ?" எண்டு கேட்டாள்.

சுபா என்னைப் பார்த்தாள். உனக்காக நான் ஓம் எண்டு சொல்லியிருக்கலாம், லேசான வேலை. ஆனா உன்ர வாக்கை நான் குடுக்க ஏலாது. அது அப்பாவிட்டத்தான் கேட்கோணும் எண்டன். "நீங்கள் கேளுங்கோ" எண்டாள். ஏன், நீ கேட்க மாட்டியோ எண்டதுக்குத் தோளைக் குலுக்கிட்டுப் போய்க் காரில ஏறினாள்.

அதுதான் கேட்கிறன். இந்த வெள்ளி அவள் உன்னட்ட வாறாள். மறுமொழியை எனக்குச் சொல்ல வேண்டாம், அவளிட்டச் சொல்லு.

அப்பா